தாரைக்குத் தண்ணீர் கொண்டுவந்த அமெரிக்கப் பெரியவர்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கை நடுங்குவதால் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது. பாதி எழுதுவதற்குள் முதலில் என்ன எழுதினேன் என்பது மறந்துவிடுகிறது. முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள் நான். தாளில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் தம்பிக்குக் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் செய்கிற பட்டறை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நானும் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன்; மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. தம்பியின் மகனுக்கு அமெரிக்காவில் வேலை. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று போனில் சொல்லிவிட்டான். தம்பி கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு, நம் முறைப்படி எல்லாச் சீரும் சடங்கும் செய்து கட்டுவதானால் சரி என்று இறங்கி வந்தான். அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டாள்.

பெண்ணுக்கு அப்பா அம்மா கிடையாது. அவள் குழந்தையாக இருக்கும்போதே கார் விபத்தில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். வளர்த்தது அம்மாவைப் பெற்ற தாத்தா. பாட்டியும் இல்லை. அந்தத் தாத்தாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவர் கல்யாணத்துக்கு வெகு முன்னாலேயே பேத்தியோடும் தம்பி மகனோடும் வந்துவிட்டார். எண்பதைத் தாண்டிய ஆள். நல்ல உயரம், பெரிய காது, கையில் தடி. ஓட்டலில் ரூம் போட்டு வைத்திருந்தோம். கல்யாண வீட்டை வெளியிலிருந்து பார்க்க நான் வரவில்லை என்று சொல்லி எங்கள் மாடி அறையிலேயே தங்கிக்கொண்டார். காலையில் நான் காப்பி கொண்டுபோகும்போது படுக்கை விரிப்பை அவரே மடித்து வைத்திருப்பார். சென்னிமலை விரிப்பு அது. மூலைக்கு மூலை சேர்த்து, பட்டாளத்துக்காரர் மடித்த மாதிரி இருக்கும். முதுகு வலி இருந்ததால் அலமாரி மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுவார்.

இவர் யார் என்பது எனக்கு முதலில் தெரியாது. ஒரு நாள் காலேஜ் வாத்தியார் ஒருவர் பையில் புத்தகங்களோடு வந்து சேர்ந்தார். எல்லாம் இந்தப் பெரியவர் எழுதியவை. பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் வாத்தியார் எழுந்துவிட்டார். சாமி சன்னதியில் நிற்பது போல நின்றார். பெரியவரோ அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்து, உங்கள் அப்பா என்ன தொழில் செய்தார் என்று அதைத்தான் முதலில் விசாரித்தார்.

வாத்தியார் போன பிறகு தம்பி மகனைக் கேட்டேன். அவன் சொன்னான், "அத்தே, இவரு சாதாரண ஆளில்லீங்க. அங்க சட்டம் எழுதறவங்கள்ல பாதிப் பேரு இவருகிட்டப் படிச்சவங்க. ஜனாதிபதியே கூப்பிட்டு யோசனை கேட்டிருக்காருங்க." அப்படிப்பட்டவருக்கா நேற்று ஆறின இட்லியைக் கொடுத்தோம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் விடவில்லை. நான் சமையலறை வாசலில் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவரும் உரிப்பார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய உரிப்பார். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பார். முகூர்த்தக்கால் ஏன் நடுகிறீர்கள், மாவிளக்கு ஏன், பெண்ணுக்கு ஏன் மாமன் துணி எடுக்கவேண்டும். தம்பி மகன் நடுவில் உட்கார்ந்து அவர் பேச்சைத் தமிழிலும் என் பேச்சை இங்கிலீஷிலும் சொல்வான். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. முன்னாலிருந்து அப்படித்தானுங்க என்பேன். அதற்கே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அவருடைய அப்பா ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்த்தவர். இவர் வாலிபத்தில் சிவப்புக் கொடி பிடித்தவராம். எல்லாவற்றையும் சர்க்கார் எடுத்து நடத்தினால் ஏழைகள் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நம்பியிருக்கிறார். நகரத்து ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்தது. பழைய தெருக்களை இடித்துவிட்டு அடுக்கு மாடி கட்டித் தருகிற வேலை. வீடு வீடாகப் போய், நல்ல வீடு வரப்போகிறது, காலி செய்யுங்கள் என்று சொன்னவர் இவர்தான். சொன்னபடியே நல்ல வீடும் வந்தது. சில வருஷம் கழித்து அதே ஜனங்களைப் பார்க்கப் போனாராம். முன்பு படிக்கட்டில் உட்கார்ந்து ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி சோறு ஊட்டிக்கொண்டிருந்த பெண்கள், இப்போது பக்கத்துக் கதவில் இருப்பது யாரென்று தெரியாமல் இருந்தார்களாம். ஒரு கிழவி செத்துப்போய் அடுத்த கதவுக்காரருக்கே தெரியவில்லையாம்.

அங்கேதான் அவர் மனசு திரும்பியது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யாமல், ஜனங்கள் வாழ்ந்து வாழ்ந்து தானாக உண்டானதை உத்தரவு போட்டுத் திரும்ப உண்டாக்க முடியாது என்று ஒரு புத்தகம் எழுதினார். கூட இருந்தவர்கள் துரோகி என்றார்கள். இவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரே கடைசி வரைக்கும் பேசவில்லையாம். அந்தப் புத்தகம்தான் இவரைப் பெரிய ஆளாக்கியது. அப்புறம் அறுபது வருஷம் அதையே விதவிதமாக எழுதினார். குடும்பம், கோயில், தெரு, பழக்க வழக்கம், இதையெல்லாம் அவசரப்பட்டு இடிக்காதே, ஏழைக்கும் சர்க்கார் கை நீட்டுவதைவிட அக்கம்பக்கம் கை நீட்டுவதே நல்லது என்று.

எனக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. நான் அஞ்சு வருஷம் பள்ளிக்கூடம் போனதே அங்கே மத்தியானம் சோறு போட்டதால்தான். அதைச் சொல்லலாமா கூடாதா என்று வாய்க்குள்ளேயே வைத்திருந்து, தம்பி மகனிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் அப்படியே போட்டு உடைத்துவிட்டான். பெரியவர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, என்ன சோறு என்று கேட்டார். மஞ்சள் மாவில் கிண்டின உப்புமாங்க, பால் பவுடர் கரைச்ச பாலுங்க, மூட்டை மூட்டையாக உங்கள் ஊரிலிருந்துதான் வந்ததென்று வாத்தியாரம்மா சொல்வார்கள் என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியை விட்டு எழுந்தார். நான் பயந்துபோனேன். பிறகு, அந்த மூட்டைகளை அனுப்ப வேண்டாம் என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன் என்றார். நல்லவேளை அப்போது யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை என்று சொல்லி எனக்குக் கை கூப்பினார். அவ்வளவு பெரிய மனுஷர் எனக்குக் கை கூப்புவதா. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது அருமைக்காரர் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை முன்னின்று நடத்துகிற பெரியவரை அருமைக்காரர் என்போம். மனைவி மக்களோடு வாழ்கிறவராக இருக்கவேண்டும். சீர் எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போலச் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.

பெண்ணுக்கு நம்மிடையே குலமோ கூட்டமோ கிடையாது, அதனால் தம்பி மனைவியின் அண்ணனும் அவர் சம்சாரமும் அவளை மகளாகத் தத்து எடுத்துக்கொள்வார்கள், அவர்களே தாரை வார்ப்பார்கள் என்று அருமைக்காரர் விவரம் சொன்னார். பெண்ணைக் கொடுக்கிறவர்கள் தண்ணீர் வார்த்துக் கொடுப்பதுதான் தாரை. தம்பி மகன் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் கேட்டாள், தாத்தா என்ன செய்வார் என்று. ஜோடியாக இருக்கிறவர்கள்தான் வார்க்கவேண்டும், மனைவி இல்லாதவர் வார்க்கிற முறை இல்லை என்றார் அருமைக்காரர்.

பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. எனக்குத் தலை பின்னிவிட்டவர் இவர், காய்ச்சலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் இவர், போன வாரம் பார்த்தவர்கள் என்னைக் கொடுப்பதாக இருந்தால் இந்தக் கல்யாணமே இப்படி வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாள். தம்பிக்கு முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது. சொந்தபந்தம் எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது.

தம்பி பொண்டாட்டிக்குத்தான் எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காது. புருஷனின் அக்காவான என்னை நங்கையாள் என்றுதான் சொல்வாள். "ஜோடிதான் கொறைன்னா நம்ம நங்கையாளக் கூட நிறுத்திப்போடுங்க. ரெண்டு பேரும் தெனமும் ஒண்ணா உக்காந்து வெங்காயந்தான உரிக்கறாங்க" என்றாள். அருமைக்காரரே சிரித்துவிட்டார். நான் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் ஓடி, துவைத்த துணியையே மறுபடி அலசிக்கொண்டு நின்றேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பெரியவர் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தாராம். காது வரைக்கும் சிவந்துபோனாராம்.

ஆனால் பேத்தி சிரிக்கவில்லை. அவள் தாத்தாவைப் பார்த்து வேகமாக என்னவோ சொன்னாள். அதைத் தம்பி மகன் அப்புறம் எனக்குச் சொன்னான். ஒரு பழக்கம் ஒருத்தரை உறுத்துகிறது என்பதற்காக அதைத் தூக்கி எறியக்கூடாதென்று ஆயுசு பூராவும் எழுதினாயே, இப்போது சொல், இது வேண்டுமா வேண்டாமா, நீ சொல்கிறபடி செய்கிறேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்காதே என்றாளாம். அவர் நாளைக்குச் சொல்கிறேன் என்று தடியை ஊன்றி மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் முக்காலியோடு வந்தார். கூடவே தம்பி மகன். வெங்காயத்தை எடுக்கவில்லை. நேற்று எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது நீங்கள் மட்டும் ஏன் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள். வீட்டுக்காரர் இல்லாதவள் சீர் நடக்கிற இடத்துக்கு வருவதில்லைங்க என்றேன். உங்கள் மகள் கல்யாணத்தில் என்று இழுத்தார்.

"என்ற மக கண்ணாலத்துல தாரை வார்த்தது தம்பியும் அவன் பொண்டாட்டியுமுங்க. நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேனுங்க. மேளத்தை வெச்சுத்தான் தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

கோபம் வரவில்லையா என்றார்.

"யாரு மேலைங்க கோவப்படறது? எல்லாரும் நல்லவங்கதானுங்க."

இதைத் தம்பி மகன் சொன்னதும் அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவன் திரும்பவும் சொன்னான். பெரியவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"அத்தே, நான் எழுதினதுல இது இல்லைன்னு சொல்றாருங்க" என்றான் தம்பி மகன்.

அவ்வளவுதான் பேச்சு. அறுபது வருஷம் எழுதி, ஒரு நாட்டையே தன் பேச்சைக் கேட்கவைத்தவர், என்னைப்போல ஒருத்தி சொன்னதைக் கேட்டுவிட்டு, நான் எழுதினதில் இது இல்லை என்கிறார். அதைச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்.

அன்று சாயங்காலம் அருமைக்காரரைத் திரும்பவும் வரச் சொன்னார்கள். பெரியவர் நாற்காலியில் உட்காராமல், வலிக்கிற முதுகோடு அருமைக்காரருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். உட்கார இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. உங்கள் முறையை எனக்காக உடைக்கச் சொல்லமாட்டேன், அது எனக்குச் சொந்தமானது இல்லை என்றார். ஆனால் இவளை நான் வளர்த்தேன், உங்கள் முறைக்குள்ளே எனக்கு ஒரு இடம் இருக்கிறதா என்று கேட்கிறேன், இல்லை என்றால் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன், குழந்தையையும் நானே சமாதானம் செய்கிறேன் என்றார். பேத்தி அவர் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அருமைக்காரர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். மென்றார். தம்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல் மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"முறையை மாத்த எனக்கு அதிகாரம் இல்லீங்க. எங்கய்யன் சொல்லிக்குடுத்ததைத்தான் நான் செஞ்சுட்டு வாரேன். தாரையை சோடிதான் வார்க்கோணும். ஆனா தாரைக்குத் தண்ணி யாரு கொண்டாரோணும்னு எங்கய்யன் ஒண்ணுமே சொல்லலீங்க."

அது உண்மைதான். எத்தனையோ கல்யாணத்தில் அந்தத் தண்ணீரை யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று நாங்கள் கவனித்ததே இல்லை. பெரியவர் பேத்தியைப் பார்த்தார். அவள் கட்டியிருந்த முழங்காலை விட்டு நிமிர்ந்தாள். பிறகு அருமைக்காரரைப் பார்த்துத் தமிழிலேயே, "சரிங்க" என்றாள்.

கல்யாணத்தன்று விடிகிறபோதே பெரியவர் சூலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். கிணற்றில் கயிறு போட்டு இறைக்கலாம் என்று எண்ணியிருப்பார் போல. அங்கே கயிறும் இல்லை, வாளியும் இல்லை. தம்பி சுவிட்சைப் போட்டு, குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியதும், இது எங்க பட்டறையில செஞ்ச மோட்டாருங்க என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். பெரியவர் வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு, குனிந்து, செம்பில் பிடித்தாராம். சட்டையெல்லாம் நனைந்துபோனது. அந்த ஈரச் சட்டையோடேயே மண்டபத்துக்கு வந்தார்.

தாரை நேரம் வந்ததும் தடியை ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். தடி இல்லாமல் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. சனங்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுகிற நாவிதர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். மணவறைப் படிக்குக் கீழே பெரியவர் நின்றுவிட்டார். மேலே ஏறவில்லை. கீழே இருந்தபடியே செம்பை மேலே நீட்டினார். தத்து எடுத்த மாமன் குனிந்து வாங்கிக்கொண்டார். பெரியவர் திரும்பினார்.

அப்போது பெண் எழுந்தாள். மணவறையில் உட்கார்ந்த பெண் இடையில் எழுந்து இறங்குவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. கூறைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். எல்லாரும் அருமைக்காரரைப் பார்த்தார்கள். அருமைக்காரர் நாவிதரைப் பார்த்தார். நாவிதர் பாட்டை நிறுத்தவில்லை. அருமைக்காரர் தாம்பாளத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். மாமன் செம்பைச் சாய்க்க, அவர் சம்சாரம் கையைச் சேர்க்க, தண்ணீர் விழுந்தது. பெரியவர் பேத்திக்குப் பின்னால் நின்றார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

இதையெல்லாம் நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. அரிசி மூட்டை இருக்கிற அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன் என்பது நினைவில் இல்லை. தாலி கட்டும்போது என் கையிலும் அட்சதை இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று ஞாபகம் இல்லை. தம்பி பொண்டாட்டியைக் கேட்டால் நானில்லை என்கிறாள். போட்டேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பெரியவர் ஊருக்குப் போன மறு வருஷம் காலமாகிவிட்டார். அங்கே பேப்பரில் எல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார்களாம். தம்பி மகன் போனில் படித்துக் காட்டினான். நாட்டுக்கே வழி காட்டியவர் என்று சிலர். இவர் எழுத்தைக் காட்டித்தான் ஏழைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள் என்று சிலர். இரண்டும் நிஜமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஒருத்தர் மட்டும், கடைசி மூச்சு வரைக்கும் தன் கருத்திலிருந்து அசையாதவர் என்று எழுதியிருந்தார். அது எப்படி கண்ணு என்று கேட்டேன். "அவங்க நம்ம மண்டபத்துக்கு வரலீங்களே அத்தே" என்றான்.

இதில் எனக்குச் சந்தேகங்கள் இருக்கின்றன. சிவப்புக் கொடி பிடித்தது ஆபீஸ் வேலைக்கு முன்னாலா பின்னாலா, மூட்டைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியது எந்த வயதில், இதெல்லாம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். கேட்டதைத் தப்பாகவும் பிடித்திருக்கலாம். தம்பி மகனும் அந்தப் பெண்ணும் அடுத்த தரம் வரும்போது இதை ஒரு தடவை படித்துப் பார்த்து, அவர் புத்தகங்களில் இருப்பதோடு ஒத்துப் பார்த்து, தப்பு இருந்தால் அடித்துத் திருத்திவிடவேண்டும். சீர் முறையில் நான் ஏதாவது மாற்றி எழுதியிருந்தால் அருமைக்காரரிடம் யாராவது கேட்டுச் சரிசெய்துவிடுங்கள். அவரை நேரில் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.